வீட்டோடு மாப்பிள்ளை: இந்த அவமானம் எங்கிருந்து வந்தது?

மருதன் (திருப்பூர்)

வணக்கம். என் மனைவி அவர்கள் வீட்டுக்கு ஒரே பெண். ஊர் நத்தம் பக்கம். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அத்தை ஒருவரால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. இதில் மாந்தோப்பை வேறு பார்க்க வேண்டும். நான் இங்கே பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். திண்டுக்கல்லில் அதே மாதிரி வேலை கிடைக்கிறது. நத்தத்திலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். பையனுக்கும் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாம் கூடி வருகிறது, அப்பா மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமனார் வீட்டுச் சோத்துக்குப் போறியா? ஊருக்குள்ள நான் எந்த முகத்தோட நடக்கிறது?" என்கிறார். சித்தப்பாவும் பெரியப்பா மகன்களும் அதையே சொல்கிறார்கள். மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மாமனார் வீட்டில் போய் இருப்பவன் ஆம்பளையே இல்லை என்பது எல்லாக் காலத்திலும், எல்லா ஊரிலும் இருந்ததா? எப்போது, எதனால் இப்படி ஆனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் பேச எனக்கு ஏதாவது வேண்டும்.

பெரியகருப்பு (உசிலம்பட்டி பக்கம்)

தம்பி, அப்பா சொல்வதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் பக்கம் ஒருவனுக்குக் கல்யாணம் முடிந்தால் அவன் பெயரில் தனியாக ஒரு தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கும் குடும்பம் என்று ஊர் நோட்டில் எழுதுவார்கள். சாமி கும்பிடுக்கு அவன் வரி கொடுப்பான். வரி கொடுத்தவனுக்குக் கிடாக்கறியில் பங்கு உண்டு, கூட்டத்தில் பேச உரிமை உண்டு, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஊரே வந்து நிற்கும். மாமனார் ஊரில் நீங்கள் மாப்பிள்ளை. பாய் விரிப்பார்கள், இலை போடுவார்கள். ஆனால் கூட்டத்தில் இடம் கிடையாது.

என் பெரியம்மா மகன் அப்படிப் போனவர்தான். மாமனார் உயிரோடு இருக்கிறவரை ராஜா மாதிரி இருந்தார். மாமனார் கண்ணை மூடியதும் அவருடைய பங்காளிகள் தோட்டத்துப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். "இது எங்க பங்காளி விவகாரம், நீங்க ஒதுங்குங்க மாப்பிள்ளை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவருக்காகப் பேச அந்த ஊரில் ஒரு நாதி இல்லை. உங்கள் அப்பா பயப்படுவது இதற்குத்தான். வெளியே சொல்லும்போது மானம் என்று சொல்கிறார்.

சுசீந்திரம் டீச்சர் (நாகர்கோவில்)

மருதன் தம்பி, எல்லா ஊரிலும் இப்படி இல்லை. எங்கள் நாஞ்சில் நாட்டுக் கதையைக் கேளுங்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இது என் ஆச்சி வாய்வழியாகக் கேட்டதும், பிறகு நானே தேடிப் படித்ததும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாவும் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், இங்குள்ள வேளாளரில் ஒரு பெரும் பகுதிக்கு மருமக்கள் வழி. ஒருவர் செத்தால் நிலமும் வீடும் அவர் பெற்ற பிள்ளைக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். குடும்பத்துக்கு மூத்த ஆண் காரணவர். சாவி அவர் இடுப்பில் இருக்கும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். நாயர் வீடுகளில் பெண் தன் தாய் வீட்டிலேயே இருந்தாள், எங்களிடம் அப்படியும் இல்லை. பெண் கணவன் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். கணவன் போய்விட்டால் மருமகன் வந்து பூட்டைப் போடுவான். பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குத் திரும்பினால் அங்கே அவளுடைய அண்ணன் காரணவர். ஆக, இரண்டு வீட்டிலும் சாவி ஓர் ஆணிடம்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் நல்ல ஆம்பளை என்று யாரைச் சொன்னார்கள் தெரியுமா? சகோதரியையும் அவள் மக்களையும் தாங்குகிறவரை. பெண்டாட்டி பிள்ளைக்கு என்று தனியாகச் சேர்த்து வைத்தால் "தறவாட்டை முடிச்சிட்டான்" என்று ஊரே பேசும். தறவாடு என்றால் தாய்வழிக் கூட்டுக் குடும்பம். உங்கள் அப்பா இன்று எதைக் கடமை என்கிறாரோ, அதை அன்று எங்கள் ஊரில் களவு என்றார்கள்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, தேரூர்க்காரர், இதைத்தான் மருமக்கள் வழி மான்மியத்தில் பாடினார். ஐந்து பெண்களைக் கட்டிய ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் வாயால் சொல்கிற மாதிரி அது இருக்கும். படிப்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அழுகைதான் வரும். அப்புறம் படித்த இளைஞர்கள் கூடிப் பேசி, மனு கொடுத்து, 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதிலிருந்து மனைவிக்கும் மக்களுக்கும் வாரிசுரிமை. "கட்டினவளையும் பெற்ற பிள்ளைகளையும் தன் உழைப்பில் காப்பாற்றுகிறவன்தான் ஆம்பளை" என்பது அன்று புரட்சிப் பேச்சு. அதைப் பேசியவர்களை வீட்டை விட்டு விரட்டினார்கள் என்று ஆச்சி சொல்லுவாள். இரண்டு தலைமுறை கழிந்ததும் அதுவே ஆதியிலிருந்து வந்த வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. என் மாணவர்களிடம் மருமக்கள் வழி பற்றிச் சொன்னால் வேறு நாட்டுக் கதை கேட்கிற மாதிரி பார்ப்பார்கள். கேட்பதெல்லாம் அவர்களுடைய சொந்தப் பூட்டனார் கதை.

கல்பாத்தி (பாலக்காடு)

டீச்சர் சொன்னதற்கு மலபார்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். சம்பந்தம் என்ற நாயர் மண வழக்கத்தில் கணவர் இரவில் வந்து போகிறவர். பிள்ளைகள் தாய்மாமன் பொறுப்பு. இதைச் சட்டப்படி திருமணமாக ஏற்பதா வேண்டாமா என்று விசாரிக்க 1891-இல் ஒரு கமிஷன் அமைத்தார்கள். தலைவர் சர் டி. முத்துசாமி ஐயர், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. விரும்பியவர்கள் போய்ப் பதிவு செய்யலாம் என்றார்கள். மிகச் சிலர்தான் போனார்கள். காரணவரை எதிர்த்துக்கொண்டு யார் போவார்கள்?

கட்டாயமாக எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி சட்டம் வர 1933 ஆனது. திருவிதாங்கூரில் 1912, 1925 என்று இரண்டு தடவையாக வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்து முறையையே ஒழிக்கும் சட்டம் கேரளத்தில் 1975-இல் இயற்றி, 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஒரு நூற்றாண்டுக்குள் மாமன் இருந்த இடத்தில் கணவன் வந்து உட்கார்ந்துவிட்டான். முன்னின்று கேட்டவர்கள் வக்கீல்களும் குமாஸ்தாக்களும். மாதச் சம்பளம் வாங்கும் ஆண்கள், தங்கள் சம்பாத்தியம் தங்கள் பிள்ளைக்கு வர வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் அதே மாற்றத்தில், கணவன் சரியில்லை என்றால் யாரையும் கேட்காமல் தாய் வீட்டில் தலைநிமிர்ந்து இருக்கும் இடம் பெண்ணுக்குப் போய்விட்டது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

காயல் காக்கா (ஹாங்காங்)

அஸ்ஸலாமு அலைக்கும், மருதன். காயல்பட்டினத்தில் நீங்கள் இதைக் கேட்டால் கேள்வியே புரியாது. எங்களூரில் எல்லோரும் பெண் வீட்டு மாப்பிள்ளைதான். நிக்காஹ் முடிந்தால் நான் என் மாமி வீட்டுக்குப் போகிறேன். என் லாத்தாவின் (அக்காவின்) மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருகிறார். என் வாப்பாவும் அப்படி வந்தவர்தான், அவருடைய வாப்பாவும் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு. தெருவுக்குப் பின்னால் பெண்கள் நடமாட என்றே முடுக்கு இருக்கிறது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து அடுத்த வீட்டுக்கு அவர்கள் அப்படியே போய் வருவார்கள். கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு.

ஊருக்குப் போனால் என் வேலை இதுதான்: சுபுஹு (அதிகாலை) தொழுகை முடிந்ததும் நேராக உம்மா வீடு. அங்கே டீ, பேச்சு, என்ன சாமான் வேண்டும் என்று கேட்பது. அப்புறம் பெண் வீட்டுக்கு வந்து பசியாறுவது. உம்மாவும் என்னை இழக்கவில்லை, என் மனைவியும் அவள் உம்மாவை விட்டுப் பிரியவில்லை. மருமகளும் மாமியாரும் ஒரே அடுப்பில் முட்டிக்கொள்ளும் கதை எங்களுக்குக் குறைவு. மனைவியை அதட்ட நினைத்தால்கூடச் சுற்றி அவள் ஆட்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வீடு என்றால் அதைக் கட்ட வேண்டியவர் வாப்பா. மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் மூன்று வீடு, அல்லது ஒரே வீட்டில் மாடிக்கு மேல் மாடி. கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று எங்கள் ஆட்கள் நரைத்த தலையோடு இன்னும் கடையில் நிற்பதற்குக் காரணம் அதுதான். என்னோடு அறையில் இருப்பவர் தன் கடைசி மகள் வீட்டுக்குத் தளம் போட்ட படத்தைப் போனில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டுகிறார். அவர் அந்த மகளோடு சேர்ந்து ஒரே கூரையில் இருந்த காலம் மிகக் குறைவு. எங்களூரில் ஆம்பளை என்றால் பெண் மக்களுக்கு வீடு கட்டி முடித்தவர். முடிக்காதவர் கூட்டத்தில் தலை குனிந்து நிற்பார்.

கல்லடிப் பாலம் (மட்டக்களப்பு)

காக்கா சொல்வது எங்களுக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. மட்டக்களப்பில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு பெண் பிள்ளைக்குத்தான். குடியும், அதாவது குலமும், தாய்வழியாகத்தான் வரும். என்ன குடி என்று கேட்டால் அம்மாவின் குடியைச் சொல்வோம். முந்திய காலத்தில் முக்குவர் என்ற இங்குள்ள சமூகத்தின் வழக்கப்படி ஆணின் சொத்தும் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. பிரிட்டோ என்பவர் 1876-இல் அந்த வழக்கங்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். பிறகு அது மாறி, பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது நிலைத்துவிட்டது.

எங்கள் வளவை (வீட்டு வளாகத்தை)ச் சொல்கிறேன். மூத்த அக்காவுக்குக் கலியாணம் ஆனதும் அம்மாவும் அப்பாவும் பெரிய வீட்டை அவவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். எனக்கு முடிந்தபோது பக்கத்தில் ஒன்று. கிணறு ஒன்று, வேலி ஒன்று. அத்தான்மார் வந்து சேர்ந்தவர்கள். அவர்களை யாரும் குறைவாகப் பேசியதில்லை.

2004 டிசம்பர் 26-இல் கடல் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனது. பிறகு வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் தந்தார்கள். குடும்பத் தலைவர் என்று ஓர் இடம். எழுதிக்கொண்டிருந்தவர் அத்தானின் பெயரைக் கேட்டு எழுதினார். வீடு அக்காவுடையது, அக்காவுக்கு அம்மா கொடுத்தது, அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது. அத்தான் தானே சொன்னார், "இது என்ர வீடு இல்லை ஐயா, இவவின்ர பெயரை எழுதுங்கோ" என்று. தலைவர் என்றால் ஆண்தான், அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கிழக்கில் பல இடங்களில் இதுதான் நடந்தது. புதிய வீட்டின் உறுதி (பத்திரம்) ஆணின் பெயருக்குப் போனது. பெண்கள் அமைப்புகள் கூட்டுப் பெயர் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு வழக்கத்தை ஒரு படிவத்தின் ஒரு வரி மாற்றிவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அத்தான். அவர் நல்ல மனிதர், வைப்பார். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பாரா?

நல்லூர் வாசகன் (டொரண்டோ)

யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை என்ற வழக்கச் சட்டம். டச்சுக்காரர் காலத்தில், 1707-இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து எழுதியது. தாயின் சீதனம் மகள்மாருக்கும் தகப்பனின் முதுசம் (பரம்பரைச் சொத்து) மகன்மாருக்கும் போவது பழைய வழக்கம் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் எங்களிடமும் மாப்பிள்ளை சீதன வீட்டில் போயிருப்பது சாதாரணம். வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் பெண்ணின் பெயரில் காணி இருந்தாலும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்க முடியாது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. சொத்து அவளுடையது, பேனா அவனுடையது.

எங்களிடம் ஆண் பிள்ளையின் மேல் விழும் பாரம் வேறு. தங்கச்சிமாரைக் கரை சேர்த்துவிட்டுத்தான் அவன் தன் கலியாணத்தைப் பற்றி நினைக்கலாம். பாரிசிலும் இங்கேயும் இரண்டு வேலை செய்து சீதனக் காசு அனுப்பிய அண்ணன்மாரை நான் நிறையப் பார்த்தேன். அதில் சிலர் தனியாகவே நின்றுவிட்டார்கள். அவர்களை ஊர் "நல்ல பிள்ளை" என்று சொல்லும். அந்தச் சொல்லுக்காக ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மலைமேகம் (முன்பு ஷில்லாங்)

மேகாலயத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு சின்னத் தகவல். அங்குள்ள காசி என்ற பழங்குடி மக்களிடம் கடைசி மகளுக்குத்தான் பரம்பரை வீடு, பிள்ளைகளுக்குத் தாயின் குலப் பெயர். அங்கேயும் சில ஆண்கள் 1990-இல் சங்கம் வைத்து, தகப்பன் வழிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். பொறுப்பு இல்லாததால் ஆண்கள் கெட்டுப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதே நேரம் அங்குள்ள ஊர்ச் சபையில் மரபாக ஆண்கள்தான் உட்காருவார்கள். வீடு பெண்ணுக்கு, சபை ஆணுக்கு. டீச்சர் சொன்ன சாவிக் கதை அங்கேயும் உண்டு.

வக்கீலம்மா (திருச்சி)

மருதன் தம்பி, எல்லோரும் பழைய கதை சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இப்போது நடப்பதை நான் சொல்கிறேன்.

1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆண்மை என்ற எண்ணமே அழிந்தால்தான் பெண்ணுக்கு விடுதலை என்று பெரியார் எழுதியதும் அந்தக் காலத்தில்தான். தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக வர அறுபது வருடம் ஆனது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 1989 திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு, ஆனால் 25.3.1989-க்கு முன்பே திருமணமானவர்களுக்குக் கிடையாது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது, தேவையில்லை என்று.

இவ்வளவும் இருந்தும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் வாரத்துக்கு வாரம் பார்ப்பது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். அண்ணன் தம்பிகள் காரில் வந்து இறங்குவார்கள். தங்கச்சி ஒரு புதுப் புடவையில் ஓரமாக நிற்பாள். அந்தப் புடவையை அன்று காலையில் அவர்கள்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். "முழுச் சம்மதத்தோட எழுதறீங்களாம்மா?" என்று கேட்டால் தலையாட்டுவாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "பங்கு வாங்கினா பொறந்த வீட்டுக்குப் போக முடியாதுங்க. நாளைக்கு என் மகளுக்குச் சீர் செய்ய யார் வருவா?" காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்கவும், சடங்குக்குத் தட்டு தூக்கி வரவும் தாய்மாமன் வேண்டும். அதற்கு ஈடாக ஒன்றரை ஏக்கரை எழுதிக் கொடுக்கிறாள். அண்ணனும் கெட்டவன் இல்லை. கடன் வாங்கியாவது சீர் செய்கிறான், அதுதான் ஆம்பளைக்கு அழகு என்று நம்புகிறான். நிலத்தைக் கொடுத்துவிட்டால் அவன் அந்தக் கடனே வாங்க வேண்டியதில்லை. இதை எத்தனை அண்ணன்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்!

அப்புறம் உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பெற்றோரைப் பார்க்கும் கடமை மகனுக்கு மட்டும் இல்லை, திருமணமான மகளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டமும் மகனையும் மகளையும் ஒன்றாகத்தான் வைக்கிறது. உங்கள் மனைவி தன் கடமையைச் செய்யப் போகிறார். நீங்கள் கூடப் போகிறீர்கள்.

பெரியகருப்பு (உசிலம்பட்டி பக்கம்)

வக்கீலம்மா, சீர் செய்வதைக் கடன் கணக்காகப் பேசாதீர்கள். என் தங்கச்சி மகள் சடங்குக்கு நான் தட்டு எடுத்துப் போனபோது அவள் புகுந்த வீட்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அவளை ஒருவர் கை நீட்டி அடித்ததில்லை. அண்ணன் வருவான் என்ற பயம் இருந்தது. பத்திரத்தில் பெயர் இருந்தால் அந்தப் பயம் வருமா?

வக்கீலம்மா (திருச்சி)

ஐயா, நீங்கள் உயிரோடு, பலத்தோடு இருக்கிறவரை வரும். உங்கள் மகன் காலத்திலும் வருமா? அண்ணன் இல்லாத பெண்ணுக்கு யார் வருவார்? என்னிடம் வரும் பெண்களில் அடி வாங்கித் திரும்பி வந்தவர்கள் பலர். முதல் கேள்வியே "எங்கே போய்த் தங்குவது" என்பதுதான். அண்ணன் வீட்டில் அண்ணி முகம் பார்க்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்த ஓர் அறை இருந்தால் அவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பத்திரத்தில் பெயர் இருந்தால் பயம் வருமா என்று கேட்டீர்கள். திரும்பிப் போக இடம் இருக்கிற பெண்ணை அடிக்கிறவன் யோசிப்பான். இது என் அனுபவம்.

குந்தவை (சென்னை)

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த இழையில் மாமியார் வீட்டில் போய் இருப்பதன் கஷ்டங்களாகப் பெரியகருப்பு ஐயா சொன்ன எல்லாமே, அதாவது கூட்டத்தில் இடம் இல்லை, பேச ஆள் இல்லை, "இது எங்க விவகாரம்" என்று ஒதுக்குவது, எல்லாமே கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு முதல் நாளிலிருந்து நடக்கிறது. என் அம்மா நாற்பது வருடமாக அப்பாவின் ஊரில் இருக்கிறார். இன்றும் அத்தைகள் வந்தால் "எங்க வீடு" என்று அவர்கள் சொல்வார்கள், அம்மா சொல்ல மாட்டார்.

இந்த நிலையே தப்பு, ஆணுக்கும் கூடாது, பெண்ணுக்கும் கூடாது என்றுதான் நான் ஐயா சொன்னதைப் படிக்கிறேன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவர் என்றார்கள். 2023 செப்டம்பரில் இங்கே மாதம் 1000 ரூபாய் குடும்பத் தலைவி என்ற பெயரில் தரத் தொடங்கினார்கள். எங்கள் அம்மா அந்த விண்ணப்பத்தில் தன் பெயரைத் தானே எழுதினார். கல்லடி அக்கா சொன்ன படிவம் எப்படி ஒரு பக்கம் மாற்றியதோ, அதே மாதிரி இது இன்னொரு பக்கம் மாற்றும் என்று நம்புகிறேன்.

மருதன் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "அது மலையாளத்து வழக்கம்" என்றார். இல்லை, நம்ம தமிழ் வேளாளர்தான் என்றதும் பேசாமல் இருந்தார். பிறகு "நம்ம ஊர் வரியை விட்டுடுவியா?" என்று மட்டும் கேட்டார். விட மாட்டேன், மாசியில் சாமி கும்பிட வருவேன் என்றேன். சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போகிறோம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மாமா வீட்டையும் தோப்பையும் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதுகிறேன் என்கிறார். எழுதலாமா? இன்னொன்று என் மனைவி கேட்டது. பெரியகருப்பு ஐயா எழுதிய பாதை அடைத்த கதையைப் படித்துவிட்டு, "அப்பா காலத்துக்கு அப்புறம் எங்க ஊர்ல எங்க தலைக்கட்டு யார் பெயர்ல இருக்கும்?" என்றாள். அங்கே விதவைக்கு அரை வரி, மகளுக்கு ஒன்றும் இல்லை. தன் பெயரில் முழுத் தலைக்கட்டு எழுதச் சொல்லிக் கேட்கப் போகிறாள்.

வக்கீலம்மா (திருச்சி)

மகள் பெயரில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பத்திரப் பதிவைப் பொறுத்தவரை மகள் குடும்பம், மருமகன் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பெயரைச் சேர்த்தால் உங்கள் பங்குக்கு முழு முத்திரைத் தீர்வை வரும். அதோடு, மாமாவும் அத்தையும் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும், அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். பட்டா மாற்றத்தையும் உடனே முடித்துவிடுங்கள். தோப்புக்குப் போகும் பாதை நில ஆவணங்களில் எப்படி இருக்கிறது என்று சர்வே எண்ணோடு இப்போதே பாருங்கள், மாமா பேசும் நிலையில் இருக்கும்போதே.

பெரியகருப்பு (உசிலம்பட்டி பக்கம்)

எங்கள் ஊரில் மகள் பெயரில் தலைக்கட்டு கிடையாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்கட்டும். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேராகக் கூட்டத்தில் போய்க் கேட்டால் முதல் ஆள் வேண்டாம் என்று சொல்வான், பிறகு எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள். பெரிய ஆட்கள், பூசாரி, வரி நோட்டு எழுதுகிறவர், இவர்களை வீட்டில் போய்த் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் மாமாவின் பங்காளியில் மூத்தவரை முதலில் பாருங்கள், அவரைத் தாண்டி யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் இந்த மாசிக்கே, மாமா இருக்கும்போதே, வரியை உங்கள் மனைவி கையால் கொடுக்கச் சொல்லுங்கள். மாமா பெயருக்குப் பக்கத்தில் "மகள் கையில் வரவு" என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நோட்டில் ஒரு தடவை ஏறிய பெயரை அடிக்கக் கை அவ்வளவு லேசில் வராது. கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள். நத்தத்தில் எனக்குத் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.